ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு ஒரு சிறுநீரகம் தெரியவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் இல்லவே இல்லையா?

இல்லை என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். உங்கள் வீட்டில் இந்நேரம் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள், அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் பனிக்குட நீரின் அளவைப் பாருங்கள். நான்காம் மாதத்துக்குப் பிறகு அந்த நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். நீர் போதுமான அளவு இருந்து, சிறுநீர்ப்பையும் நிரம்பித் தெரிந்தால் ஒரு சிறுநீரகமாவது வேலை செய்கிறது. இரண்டு சிறுநீரகங்களுமே இல்லாத குழந்தைக்கு நீர் வற்றி, நுரையீரல் வளராமல் போய்விடும். அது வேறு துயரம்.

என் மகளுக்கும் 20ஆவது வாரத்தில் இடது சிறுநீரகம் தெரியவில்லை என்றுதான் எழுதினார்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அந்தப் பக்கம் போக வேண்டிய ரத்தக்குழாயும் தென்படவில்லை. பிறந்த பிறகு எடுத்த ஸ்கேனிலும் அதே பதில். குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. இடம் மாறி இடுப்புக்குள் இறங்கிய சிறுநீரகம், குடலில் வாயு மறைத்தால் அல்ட்ராசவுண்டில் தப்பிவிடும் என்று சொல்லி, சில மாதம் கழித்து டிஎம்எஸ்ஏ ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தக்குழாயில் மிகச் சிறிதளவு கதிரியக்க மருந்து ஏற்றுவார்கள். வேலை செய்யும் சிறுநீரகத் திசு எங்கிருந்தாலும் அதை ஈர்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். "பச்சைக் குழந்தைக்குக் கதிரியக்கமா?" என்று என் மாமியார் சண்டை போட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இடுப்பெலும்புக்குள் சின்னதாக அது இருந்தது!

எல்லோருக்கும் இப்படிக் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை, மருத்துவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடுதான் பிறக்கிறார். பெரும்பாலும் இருக்கும் ஒன்று பெரிதாக வளர்ந்து இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்கிறது. அவர்களுக்கும் ரத்த அழுத்தத்தையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் அவ்வப்போது பார்த்தால் போதும் என்றார் எங்கள் மருத்துவர். பெண் குழந்தையென்றால் பின்னாளில் கருப்பையையும் ஒருமுறை ஸ்கேனில் பார்க்கச் சொல்வார்கள். இதை யாரும் தானாக வந்து சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓடியாடி விளையாடும் என் மகளை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கப் போனபோது, "பிறவிக் குறைபாடு" என்று ஒற்றை வரியில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். இத்தனைக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் சரியாக இருந்தன. அவற்றை ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. உங்கள் ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.