கூலி கேட்கும் மருத்துவன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஐந்து பேர், கதையை நடத்த ஒரு டிஎம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. என் கேரக்டர் வேம்பன், ஒரு கிளெரிக், அதாவது மந்திரம் தெரிந்த பூசாரி. காயம் ஆற்றத் தெரிந்தவன், ஆனால் கஞ்சன், நாக்கில் விஷம். காசு வாங்காமல் யாருக்கும் வைத்தியம் பார்க்கமாட்டான். முதல் செஷனில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்காவது செஷனுக்குள் வேம்பனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதே நின்றுவிட்டது. போன தடவை சண்டையில் எங்கள் கூட்டத்துப் போர்வீரன், ஃபைட்டர், சுருண்டு விழுந்தான். இருபது பொற்காசு தந்தால்தான் எழுப்புவேன் என்று பேரம் பேசினேன். அவனை ஆடும் நண்பர் பகடையை வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டார். 'கேரக்டரை மாற்று, இல்லையென்றால் வேறொன்று கொண்டு வா' என்கிறார் டிஎம். எனக்கு நல்லவனை ஆடப் பிடிக்கவில்லை. வேம்பன் என்ன செய்வானோ அதைத்தானே செய்கிறேன்? இதில் தவறு எங்கே இருக்கிறது?

எம்.

அன்புள்ள எம்.,

வேம்பனைத் தூக்கி எறிய வேண்டாம். கஞ்சன், கோழை, வாயாடி, தற்பெருமைக்காரன் எல்லாம் மேஜைக்கு வேண்டியவர்கள்தான். ஐந்து பேரும் பண்பாளர்களாக இருந்தால் இரண்டாவது செஷனிலேயே பேச்சு வற்றிவிடும். ஆனால் உங்கள் கடிதத்தில் வரும் அந்தப் பேரத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் சிக்கல் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

ஃபைட்டரின் ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, பூஜ்யம். அவனை ஆடுபவர் தன் முறை வரும்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: டி20 என்ற இருபது முகப் பகடையை ஒருமுறை உருட்டுவது. பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று தோல்வி சேர்ந்தால் கேரக்டர் காலி. எதிரி பக்கத்தில் நின்று ஓர் அடி போட்டுவிட்டால், மயங்கிக் கிடப்பவன் மேல் அது கிரிட்டிக்கல், அதாவது சாதாரண அடியைவிடப் பலமான அடி. ஒரே அடியில் இரண்டு தோல்வி. ஐந்து பேர் ஆடும் சண்டையில் ஒரு சுற்று முடிய கால் மணி நேரம் சாதாரணமாக ஆகும். நீங்கள் பேரம் பேசிய நேரத்தில் அந்த நண்பருக்கு ஒரு முறை முழுசாகக் கைநழுவிப் போயிருக்கும். இருபது காசு அவருக்குப் பெரிதே இல்லை. ஆடத்தான் வந்தார், ஆட விடவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மயங்கிக் கிடப்பவனால் பேச முடியாது. 'முடியாது போடா' என்று சொல்ல அவனுக்கு வாயில்லை, எழுந்து போகக் காலில்லை. எதிராளி மறுக்க வழியில்லாத இடத்தில் பேரம் என்று ஒன்று நடக்காது. கழுத்தில் கத்தி வைத்த கதைதான். அதனால்தான் முதல் செஷனில் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை.

இதே வேம்பனை, இதே கஞ்சத்தனத்தோடு, வேறு மாதிரி ஆடிப் பாருங்கள். கிளெரிக்கிடம் 'ஹீலிங் வேர்ட்' என்ற முதல் நிலை மந்திரம் இருக்கிறது. அதற்கு, ஒரு முறையில் கூடுதலாகச் செய்யக் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும், அறுபது அடி தூரம் வரை எட்டும். கையசைப்பு வேண்டாம், பொருள் வேண்டாம், குரல் மட்டும் போதும். அந்தக் குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ஆகவே திட்டையே மந்திரமாக்குங்கள்:

"எழுந்திருடா தடியா! நீ செத்துப்போனால் நான் யாரிடம் போய் வசூல் பண்ணுவேன்? இருபது பொற்காசு, கணக்கில் எழுதிவிட்டேன்."

ஃபைட்டர் எழுந்துவிட்டான். அவன் முறை அவனிடம் திரும்பிவிட்டது. வேம்பனின் கஞ்சத்தனத்தில் ஒரு குன்றிமணி குறையவில்லை, கூடத்தான் செய்திருக்கிறது. இப்போது அந்த நண்பருக்குப் பதில் சொல்ல வாய் இருக்கிறது. கொடுக்கலாம், கொடுக்க மறுக்கலாம், பாதிக்குப் பேசலாம், அடுத்த ஊரில் கள்ளக்காசை நீட்டலாம். முதலில் வைத்தியம், பிறகு வசூல். இந்த வரிசையை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

அந்தக் கணக்கை வாயளவில் விடாமல் நிஜமாகவே ஒரு தாள் எடுத்து, மேஜையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். 'காது மடல் ஒட்டியது – 5', 'மூன்றாவது முறையாக அதே முழங்கால் – 12', 'என் தூக்கத்தைக் கெடுத்தது – 2' என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மற்றவர்களும் அதில் எழுத வேண்டும். மருத்துவன் ஓநாயிடம் மாட்டிக்கொள்ளும்போது ஃபைட்டர் வாளை உருவாமல் நின்று, 'என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?' என்று கேட்பான். வேம்பன் கதறிக்கொண்டே அந்தக் கடனைத் தாளில் அடித்துவிட வேண்டும். அந்த இடம் தானாக அமையாது. நீங்கள்தான் வேம்பனை இரண்டு செஷனுக்கு ஒருமுறையாவது மாட்டிவிட வேண்டும். கூடாரத்துக்கு வெளியே போய்ப் பொறுக்கட்டும், பேராசையில் பெட்டியை முதலில் திறக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: கணக்குப் புத்தகத்தில் உள்ள கடன், மற்றவர்கள் கவசமும் மருந்தும் வாங்க வைத்திருக்கும் பணத்தை உண்மையில் தின்னக் கூடாது. அது வசூலாகாமல் இழுத்துக்கொண்டே போனால்தான் சுவை.

வேம்பன் என்ன செய்வானோ அதைத்தானே செய்கிறேன் என்று கேட்கிறீர்கள். இந்த வாதம் பழையது. ரோல்பிளே ஆடுபவர்கள் இதற்கு 'மை கை சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். என் ஆள் இப்படித்தான், நான் என்ன செய்ய என்று கையை விரிப்பது. எந்த நொடியிலும் வேம்பன் செய்யக்கூடியவை மூன்று நான்கு இருக்கும், எல்லாமே அவன் குணத்துக்குப் பொருந்தும். பேரம் பேசுவதும் வேம்பன்தான், திட்டிக்கொண்டே எழுப்புவதும் வேம்பன்தான், செத்தால் கடன் போய்விடுமே என்று பதறி ஓடிவருவதும் வேம்பன்தான். அவற்றில் ஒன்றைப் பொறுக்குவது நீங்கள். மூன்றை மனதில் ஓட்டிவிட்டு, எது பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வேலை கொடுக்கிறதோ அதை எடுங்கள். ஐந்து நொடிக்கு மேல் ஆகாது.

கேரக்டர் ஷீட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள். ஒன்று, வேம்பன் ஏன் இந்தக் கூட்டத்தை விட்டுப் போகவில்லை. இரண்டு, இவர்கள் ஏன் இன்னும் அவனைத் துரத்தவில்லை. முதல் வரியை எல்லோரும் எழுதிவிடுவார்கள். இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள், கூட்டம் உடைவதும் அங்கேதான். 'வைத்தியம் தெரியும்' என்பது அதற்குப் பதிலாகாது. வேறொரு கிளெரிக் கிடைத்தால் போதுமே. 'சிறை உடைத்து ஃபைட்டரின் தம்பியைக் காசு வாங்காமல் வெளியே கொண்டுவந்தவன், அதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வான்' என்பது பதில். அந்த வரியை ஃபைட்டரை ஆடுபவரோடு உட்கார்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

எல்லாக் கெட்ட குணமும் ஒரே மாதிரி வேலை செய்யாது. பேராசை, பயம், ஜம்பம், புலம்பல், எதிலும் குற்றம் கண்டுபிடிப்பது, இவையெல்லாம் பேச்சை வளர்ப்பவை, தாராளமாக ஆடலாம். ஆட்டத்தை நிறுத்துபவை வேறு: 'நான் வரமாட்டேன்' என்று முரண்டு பிடிப்பது, மூலையில் உட்கார்ந்து யாரோடும் பேசாதிருப்பது, கூட இருப்பவர்களிடமே திருடுவது.

திருட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், கஞ்சனை ஆடுபவர்கள் அடுத்து அங்கேதான் வந்து நிற்பார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது 1974-இல். திருடன் ஒரு தனி கிளாஸாக, அதாவது கேரக்டர் வகையாக, விதிநூலில் ஏறியது 1975-இல். அன்றிலிருந்தே நண்பனின் பையில் கைவிடும் பழக்கமும் இருக்கிறது. இதே ஆட்டத்துக்காக 1984-இல் வெளிவரத் தொடங்கிய டிராகன்லான்ஸ் என்ற கதை உலகத்தின் கெண்டர் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை மனம், கள்ளமில்லாமலே மற்றவர் பொருளை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்ளும் சுபாவம். கதையில் படிக்கும்போது கொஞ்சத் தோன்றும். மேஜையில் பலருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வருவதற்குக் காரணம், 'அது என் இனத்தின் குணம்' என்ற சாக்கு. வேம்பன் யார் பையிலாவது கைவைத்தே ஆக வேண்டும் என்றால், பகடையைத் தொடுவதற்கு முன் அந்தப் பையின் சொந்தக்காரரைப் பாருங்கள். 'உன் வெள்ளிக் கரண்டியை வேம்பன் சுருட்டப் பார்க்கிறான். நடக்குமா, மாட்டிக்கொள்வானா?' என்று கேளுங்கள். முடிவு அவருடையது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மாட்டிக்கொள்வதையே கேட்பார்கள் என்பது என் கணிப்பு, காட்சியும் அப்போதுதான் நன்றாக வரும். கைத்திறனுக்கான ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் உருட்டி ஜெயித்துவிட்டு டிஎம் காதில் ரகசியமாகச் சொன்னால், அந்தத் திருட்டை நீங்கள் ஒருவர்தான் ரசிப்பீர்கள். இன்னொருவரின் கேரக்டரை, பேசி இணங்க வைக்கும் பெர்சுவேஷன் உருட்டி வளைப்பதும் அப்படித்தான், வேண்டாம்.

ஒருவரையொருவர் கவிழ்ப்பதற்காகவே செய்த ஆட்டங்களும் உண்டு, ஆனால் அவை அதற்கான இடத்தை விதியிலேயே வைத்திருக்கின்றன. 1984-இல் வந்த பாரனாயாவில் ஒவ்வொருவருக்கும் ஆறு குளோன்கள். நண்பன் சுட்டுத் தள்ளினால் அடுத்த குளோன் வந்து நிற்கும், யாரும் ஆட்டத்தை விட்டு வெளியே உட்கார வேண்டியதில்லை. 2009-இல் வந்த ஃபியாஸ்கோவில் டிஎம்மே கிடையாது. எல்லாம் நாசமாகத்தான் போகும் என்று தெரிந்தே எல்லோரும் உட்காருகிறார்கள். ஃபேட் என்ற இன்னொரு ஆட்டத்தின் விதிமுறையில் உங்கள் கேரக்டரின் குறையை வைத்து உங்களுக்கே தொல்லை வந்தால், அதை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு ஃபேட் பாயிண்ட் கையில் கிடைக்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நண்பன் தரும் தொல்லையைத் தாங்க இப்படிப்பட்ட மெத்தை ஏதும் கிடையாது. ஐந்து பேரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று நம்பித்தான் அதன் சண்டைகள் கணக்கிடப்படுகின்றன. மெத்தையை நீங்கள்தான் போட வேண்டும்.

அளவு என்று ஒன்று இருக்கிறது. நான்கு மணி நேரம் என்றால் 240 நிமிடம், மேஜையில் ஆறு பேர். விதி புரட்டுவது, இடைவேளை எல்லாம் கழித்தால் தலைக்கு முப்பது முப்பத்தைந்து நிமிடம் மிஞ்சும். வேம்பன் ஒவ்வொரு பேச்சிலும் மூக்கை நுழைத்தால் அது மற்றவர்களின் அரைமணி நேரத்திலிருந்துதான் போகிறது. ஒரு காட்சிக்கு ஒரு குத்தல் போதும், இரண்டு வாக்கியத்துக்குள் முடியட்டும், கேள்வியில் முடிந்தால் உத்தமம். 'இந்தப் பாலத்தைக் கட்டியவன் குடித்திருக்கிறான்' என்றால் எல்லோரும் தலையாட்டிவிட்டு நகர்வார்கள். 'இந்தப் பாலத்தில் என்னை நடக்கச் சொல்கிறாயே, உன் தாத்தா கட்டியதா?' என்று குள்ளரைப் பார்த்துக் கேட்டால் குள்ளர் வாயைத் திறந்தே ஆக வேண்டும். ஒரே ஆளை அடுத்தடுத்துக் குத்தாதீர்கள்.

எதைக் குத்துகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பகடையில் ஒன்று விழுந்து நொந்து போயிருப்பவரை அந்த நேரத்தில் வேம்பன் கிண்டல் செய்தால், அவர் காதில் விழுவது உங்கள் குரல், வேம்பனின் குரல் அல்ல. ஒருவர் தன் கேரக்டரில் பெருமையாக வைத்திருப்பதைத் தொடுங்கள்: குள்ளரின் தாடி, மந்திரவாதியின் தொப்பி, பாணனின் பாட்டு. ஆடுபவரின் சொந்த வாழ்க்கைக்குப் பக்கத்தில் கூடப் போகாதீர்கள். எது அறவே கூடாது, எது மறைவாக நடந்து முடியலாம் என்று ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் செஷன் ஜீரோவில் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை என்றால் இப்போது பேசலாம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கெட்ட வாய்க்காரர்களை ஆடுபவர்கள் செய்யும் பெரிய பிழை, அவர்களை எப்போதும் சரியாக இருக்க விடுவது. திட்டுவான், ஆனால் அவன் சொன்னதே நடக்கும். இப்படி ஒருவனோடு யாரால் குடித்தனம் நடத்த முடியும்? வேம்பன் மூன்றில் ஒரு முறையாவது தவறிப்போக வேண்டும், அதுவும் எல்லோர் முன்னாலும். 'அந்தக் காளானைத் தொடாதே, விஷம்' என்று கத்தியவன், அதையே சூப்பில் போட்டு மூன்று கிண்ணம் குடித்தான் என்று தெரிய வேண்டும். மற்றவர்கள் பிடித்துத் திருகுவதற்கு ஒரு திருகாணியும் வேண்டும். உதாரணமாக, வேம்பனால் புகழ்ச்சியைத் தாங்க முடியாது. 'உங்களைப் போல ஒரு வைத்தியர் ஏழு கண்டத்திலும் இல்லை' என்று யாராவது சொன்னால் கட்டணம் பாதியாகிவிடும். இதை ரகசியமாக வைக்காமல் மேஜையில் சொல்லிவிடுங்கள். கேரக்டர்களுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆடுபவர்களுக்குத் தெரிய வேண்டும். அவர்கள் அந்தத் திருகாணியைத் தேடி வந்து திருகுவார்கள்.

சிரிப்பை வைத்து மட்டும் எடை போடாதீர்கள், முதல் செஷன் சிரிப்பு புதுமைக்கு விழுந்தது. யாராவது தாமாக வேம்பனிடம் பேச வருகிறார்களா, நீங்கள் கேட்காமலே கணக்குத் தாளை இழுத்து எழுதுகிறார்களா, வேம்பன் மாதிரி பேசிக் காட்டுகிறார்களா, இவற்றைப் பாருங்கள்.

அடுத்த செஷனுக்கு முன்பே ஃபைட்டரை ஆடும் நண்பரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். 'உன் முறையை நான் தின்றுவிட்டேன், இனி நடக்காது' என்று சொன்னால் போதும், வேம்பனின் நியாயத்தை அங்கே எடுக்காதீர்கள். பிறகு மேஜையில் எல்லோரிடமும் இரண்டே கேள்வி: வேம்பன் செய்வதில் எது பிடிக்கிறது, எதை நிறுத்த வேண்டும். பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள்.

இரண்டு செஷன் ஆடிப் பார்த்தும் காற்று மாறவில்லை என்றால் வேம்பனை டிஎம்மிடம் ஒப்படைத்துவிட்டு வேறு கேரக்டரோடு வாருங்கள். கணக்குத் தாளையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். பத்து செஷன் கழித்து, கூட்டத்தில் யாருக்கோ நடு வழியில் காயம் ஆறாமல் போகும்போது, அந்தத் தாளை விரித்தபடி ஒரு கிழவன் சத்திரத்து வாசலில் உட்கார்ந்திருப்பான்.

அன்புடன்,
ஆசிரியர்