தொட்டி சைக்கிள் ஆயிருச்சா?

மீன் தொட்டி பற்றிப் போன இதழில் போகிற போக்கில் ஒரு பதில் எழுதப்போய், இந்த முறை கட்டுக் கட்டாக அதே கேள்விகள். எல்லாம் தொண்டிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் உள்ள கடலோர வாசகர்களிடமிருந்து. கடைக்காரர் பேசுகிற பாஷை புரியவில்லை என்பதுதான் பொதுவான புகார். முடிந்தவரை பார்க்கலாம்.

கே: காக்கா, இரண்டடி தொட்டி வாங்கிக் கழுவி, தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே எட்டு கோல்டு ஃபிஷ் விட்டேன். ஐந்தாம் நாள் ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பித்தன. கடையில் போய்க் கேட்டால் "தொட்டி சைக்கிள் ஆயிருச்சா?" என்கிறார். என்ன சைக்கிள் அது?
(கீழக்கரை கல்லூரி மாணவர்)

ப: மிதிக்கிற சைக்கிள் இல்லை தம்பி, சுழற்சி. மீனின் கழிவும் மிஞ்சிப்போன தீனியும் அழுகினால் அம்மோனியா. போதாததற்கு மீன் செவுள் வழியாகவும் அதையே வெளியே விடும். ஆற்றில், குளத்தில் என்றால் கலைந்து போய்விடும், உங்கள் தொட்டியில் எங்கே போகும்? அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றினால்தான் மீனுக்கு நிம்மதி, நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் தாங்கிக்கொள்ளும். இந்த இரண்டு கூட்டமும் புதுத் தொட்டியில் இருக்காது. ஃபில்டர் ஸ்பான்ஞ்சிலும் அடியில் கிடக்கிற கல்லிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதைத்தான் சைக்கிளிங் என்கிறார்கள். நீங்கள் ஆள் இல்லாத வீட்டுக்கு விருந்தாளியை அனுப்பிவிட்டீர்கள்.

சீக்கிரம் ஆக வேண்டுமானால் தயிருக்கு உறை ஊற்றுகிற வேலைதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பான்ஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். அழுக்காகத்தான் இருக்கும், அந்த அழுக்குதான் சரக்கு. காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். அப்புறம் ஒரு டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, இரண்டு மூன்று மீனாக விடுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் தொட்டி ஆறு மாதம் அருமையாக ஓடியது. பெருநாளுக்கு வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று ஸ்பான்ஞ்சைக் குழாயடியில் வைத்து நுரை போகப் பிழிந்து, பளிச்சென்று திரும்ப மாட்டினேன். குழாயில் அன்றைக்கு பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக வந்தது, அப்போது அது உறைக்கவில்லை. மூன்றாம் நாள் தொட்டி காலி. குளோரின் பாக்டீரியாவை வழித்து எடுத்துவிட்டது. அன்றிலிருந்து ஸ்பான்ஞ்சைத் தொட்டியில் எடுத்த தண்ணீரில்தான் அலசுகிறேன், அதுவும் லேசாக.

கே: அண்ணே, எங்கள் வீட்டு போர் தண்ணீரில் நியான் டெட்ரா ஒரு வாரம் தாண்டுவதில்லை. ஹார்ட்னஸ், பிஹெச், டிடிஎஸ் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். அடிக்கடி "வாட்டர் சேஞ்ச்" பண்ணச் சொல்கிறார்கள். குறைகிற தண்ணீரை நான் தினமும் ஊற்றிக்கொண்டுதானே இருக்கிறேன்?
(தேவிபட்டினம் வாசகி)

ப: அங்கேதான் கோளாறு தங்கச்சி. வாலிநோக்கம் பக்கம் உப்பளம் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் தண்ணீரைத் தேக்குகிறார்கள், வெயில் தண்ணீரை மட்டும் கொண்டுபோகிறது, உப்பு தங்கிவிடுகிறது, மறுபடி தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள், இன்னும் உப்பு சேர்கிறது. உங்கள் கூடத்தில் இருக்கிற தொட்டியிலும் இதே வேலைதான் நடக்கிறது, கொஞ்சம் மெதுவாக. ஆவியாகிப் போனது வெறும் தண்ணீர், நீங்கள் ஊற்றியது உப்போடு இருக்கிற போர் தண்ணீர். அது டாப்-அப். வாட்டர் சேஞ்ச் என்றால் பழைய தண்ணீரில் கால்வாசியை உறிஞ்சி வெளியே கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றுவது. நைட்ரேட்டும் அதில்தான் வெளியே போகும், அதற்கு வேறு வழி பெரிதாக இல்லை.

ஹார்ட்னஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியம், மெக்னீசியம். சோப்பு நுரைக்காத தண்ணீர், வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர், நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிடிஎஸ் என்பது கரைந்திருக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மொத்தக் கணக்கு, ஆர்.ஓ. மாட்ட வருகிறவர் பேனா மாதிரி ஒன்றை முக்கிக் காட்டுவாரே, அது. பிஹெச் புளிப்புக்கும் காரத்துக்குமான அளவு, நடுவில் 7. இதில் கவனிக்க வேண்டியது, ஒரே அளவு அம்மோனியா இருந்தாலும் பிஹெச் 7-ஐ விட 8-ல் அதன் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. அதனால் சவர்த்தண்ணீர்க்காரர்கள் சைக்கிளிங்கில் அவசரப்படவே கூடாது.

நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மீன், மென்மையான தண்ணீர் கேட்கும். தண்ணீரை மீனுக்காக மாற்றுவதற்கு மருந்து மருந்தாக வாங்கிச் செலவழிப்பதைவிட மீனைத் தண்ணீருக்கு ஏற்றாற்போல் மாற்றுவது புத்திசாலித்தனம் என்பேன். மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் கடினமான தண்ணீரில் கொழுகொழுவென்று வளர்ந்து குட்டி போட்டுத் தள்ளும். மோலியைப் படிப்படியாகப் பழக்கினால் கடல் தண்ணீரில்கூட இருக்கும். இல்லை, டெட்ராதான் வேண்டும் என்றால் ஆர்.ஓ. தண்ணீரையும் போர் தண்ணீரையும் கலந்து, ஒவ்வொரு தடவையும் ஒரே விகிதத்தில் ஊற்றுங்கள்.

கே: வீட்டு வாசலில் கடல். கடல் தண்ணீர், கடல் மீன் வைத்தே தொட்டி போட்டால் என்ன? எஸ்.ஜி. என்றால் என்ன, லைவ் ராக் என்றால் என்ன?
(பாம்பன் வாசகர்)

ப: எஸ்.ஜி. என்பது நல்ல தண்ணீரோடு ஒப்பிட்டால் உப்புத் தண்ணீர் எவ்வளவு கனம் என்கிற கணக்கு. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ என்றால் கடல் தண்ணீர் ஏறத்தாழ 1,025 கிராம், ஆகவே 1.025. கரையோரத் தண்ணீர் எப்போதும் அப்படியே இருக்காது, ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு இறங்கிவிடும். அள்ளி ஊற்றுகிறவர்கள் அளந்துவிட்டு ஊற்ற வேண்டும்.

லைவ் ராக் என்பது பவளம் செத்துப்போன பிறகு மிஞ்சுகிற பாறை. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயச் சுவரைக் கிட்டே போய்ப் பார்த்திருப்பீர்கள், கல் முழுக்க பணியாரம் மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கும், அதுவும் பவளக் கல்தான். அந்தப் பொத்தலுக்குள் மேலே சொன்ன அதே பாக்டீரியா குடியிருக்கும் என்பதால்தான் தொட்டிக்காரர்கள் அதற்கு ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படலாம், எடுக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. செத்த பவளம்தானே என்கிற வாதம் செல்லாது.

ஆசையாக இருந்தால் தொட்டியில் பிறந்த கோமாளி மீன் வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். வேடிக்கையான மீன் அது. எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும், கூட்டத்தில் பெரிய பெண் செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும்.

கே: இரண்டடி தொட்டிக்கு எத்தனை லிட்டர்? சக்கர் மீன் ஒரு முழம் வளர்ந்துவிட்டது, ஊருணியில் விட்டுவிடவா?
(ஏர்வாடி வாசகர்)

ப: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 56 லிட்டர் சொச்சம். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 நிற்கும். ஊருணியில் விடவே விடாதீர்கள். அது தென் அமெரிக்க மீன், எதையும் தாங்கும், கரையைக் குடைந்து முட்டை வைக்கும், நம்மூர் மீனுக்குத் தீனி மிஞ்சாது. வாங்கின கடையிலேயே கொடுத்துப் பாருங்கள்.

கே: ஃபைட்டர் மீனுக்கு ஏர் பம்பு வேண்டாம், "லேபிரிந்த்" இருக்கிறது என்கிறார்களே?
(மண்டபம் வாசகி)

ப: செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு, அதன் பெயர் அது. விரால் மேலே வந்து வாயைத் திறந்து காற்று குடிப்பதைக் கண்மாயில் பார்த்திருப்பீர்களே, இதுவும் அப்படித்தான். அதற்காக ஊறுகாய் பாட்டிலில் அடைக்க வேண்டாம், பத்து லிட்டராவது கொடுங்கள். தொட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள், மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூடி போடுங்கள். துள்ளி வெளியே விழுகிற ஜாதி அது.