நீச்சல் சுமார், ஸ்கூபா தெரியாது: கடல் வாலண்டியரா போகலாமா?

வாசகர் கேள்வி: நாலு வாரம் லீவ் சேர்த்து வச்சிருக்கேன். ஏதாவது ஒரு வெப்பமண்டல நாட்டுக்குப் போய் பவளப்பாறை, ஆமைன்னு கடல் பாதுகாப்பு வேலையில வாலண்டியரா இருக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஸ்கூபா தெரியாது, நீச்சலும் சுமார்தான். நெட்ல பாத்தா எல்லாருமே காசு கேக்குறாங்க. வேலையும் செஞ்சுட்டு காசும் ஏன் குடுக்கணும்? எது நிஜம், எது டூரிஸ்ட் புடிக்கிற வேலைன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

காசு விஷயத்த முதல்ல பேசிடுவோம், உங்களுக்கு உறுத்துறது அதுதான்னு தெரியுது. கடலுக்குள்ள வேலைன்னா படகு, அதுக்கு டீசல், சிலிண்டர்ல காத்து அடைக்கிற கம்ப்ரசர், உங்க கூடவே இறங்குற ட்ரெயினர், அப்புறம் உங்க சாப்பாடு தங்குற இடம்னு தினமும் செலவு ஓடிக்கிட்டே இருக்கும், அதுவும் பழக்கமே இல்லாத ஒரு ஆள் போய் இறங்கினா முதல் பத்து நாளைக்கு அவரால அங்க இருக்கிறவங்களுக்கு வேலை கூடுமே தவிர குறையாது. அதனால காசு கேக்குறாங்கன்னு மட்டும் வச்சு ஃப்ராடுன்னு முடிவு கட்டாதீங்க. அந்தக் காசு எதுக்கெல்லாம் போகுது, உள்ளூர் ஆளுங்க எத்தனை பேர் அங்க சம்பளத்துக்கு இருக்காங்கன்னு கேளுங்க. பதில் சொல்லாம போட்டோவா அனுப்பினாங்கன்னா விட்டுடுங்க.

நான் யாருக்கும் சொல்ற முதல் சோதனை ஒண்ணுதான்: நீங்க எண்ணி எழுதிக் குடுக்கிற தாள் அப்புறம் யார் கைக்குப் போகுது? உதாரணத்துக்கு ரீஃப் செக்ங்கிற அமைப்பு. 1997ல இருந்து உலகம் முழுக்க வாலண்டியர்கள வச்சு ஒரே முறையில பவளப்பாறை கணக்கெடுக்கிறாங்க. 100 மீட்டர் டேப்ப பாறை மேல விரிச்சு, அதுல 20 மீட்டர் துண்டு நாலு, நடுவுல 5 மீட்டர் இடைவெளி விட்டு, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் டேப்புக்கு கீழ இருக்கிறது உயிரோட இருக்கிற பவளமா, செத்ததா, மணலா, பாசியான்னு குறிக்கணும், அப்புறம் வண்ணத்துப்பூச்சி மீன், கிளிமீன், ராட்சத சிப்பின்னு குறிப்பிட்ட சில உயிரினங்கள மட்டும் எண்ணணும். எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி எண்ணுறதாலதான் ஒரு ஊரையும் இன்னொரு ஊரையும், போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் ஒப்பிட முடியுது. மீன் பேரு படிச்சு, பரீட்சை எழுதி பாஸ் பண்ணாதான் உங்க எண்ணிக்கைய சேத்துக்குவாங்க. பரீட்சையே வைக்காம ரெண்டாவது நாளே சர்வேல இறக்கி விடுறாங்கன்னா அந்தத் தாள் நேரா குப்பைக்குத்தான் போகும், சும்மா உங்க மனசு நிறையட்டும்னு நடத்துறது.

இப்ப உங்க நாலு வாரத்த கணக்குப் போடுங்க. ஸ்கூபாவே தெரியாதுன்னா ஓபன் வாட்டர்ங்கிற ஆரம்ப டைவிங் கோர்ஸுக்கு நாலஞ்சு நாள். ஆனா சர்டிபிகேட் வந்த உடனே சர்வே பண்ண முடியாது, தண்ணிக்குள்ள மேலயும் போகாம கீழயும் முட்டாம நிக்கிற பேலன்ஸ் வர்றதுக்கு இன்னும் பல டைவ் ஆகும். அது வராதவரைக்கும் உங்க கால்ல மாட்டியிருக்கிற ஃபின் (துடுப்பு) பட்டு உடையற பவளம் நீங்க காப்பாத்துறத விட அதிகமா இருக்கும், கேக்க கஷ்டமா இருந்தாலும் நிஜம் அதுதான். ஆக கோர்ஸ் ஒரு வாரம், மீன் அடையாளம் ஒரு வாரம், மிச்சம் ரெண்டு வாரம்தான் உருப்படியான வேலை. முடிஞ்சா கிளம்புறதுக்கு முன்னாடியே டைவிங் முடிச்சிட்டுப் போங்க.

அதுக்காக டைவ் பண்ணியே ஆகணும்னு இல்ல. உங்க நிலைமைக்கு நான் ஆமை வேலையத்தான் சொல்வேன். கோஸ்டாரிகாவுல டோர்ட்டுகேரோன்னு ஒரு கடற்கரை, ஆர்ச்சி கார்ங்கிற விஞ்ஞானி 1950கள்ல அங்க பச்சை ஆமைகள ஆராய ஆரம்பிச்சாரு, 1959ல உருவான அமைப்பு இன்னைக்கும் சீ டர்ட்டில் கன்சர்வன்சிங்கிற பேர்ல அங்க கணக்கெடுக்குது. இப்படி தொடர்ச்சியா பல வருஷக் கணக்கு இருக்கிற இடத்துல நீங்க ஒரு ராத்திரி எழுதுற நம்பருக்குக்கூட மதிப்பு இருக்கு. வேலை என்னன்னா ராத்திரி முழுக்க மணல்ல நடக்கிறது, மழை பேஞ்சாலும். வெள்ளை டார்ச் அடிக்கக்கூடாது, ஏறி வர்ற ஆமை அப்படியே திரும்பிடும். ஆமை முட்டை போட ஆரம்பிச்சதும் எண்ணுறது, முதுகு ஓட்டோட நீள அகலத்த அளக்கிறது, ஆமைக்கு மாட்டியிருக்கிற அடையாள டேக் நம்பர குறிக்கிறது. சில ராத்திரி ஒரு ஆமைகூட வராது, கொசுக்கடிதான் மிச்சம்.

முட்டைய இடம் மாத்துற வேலைன்னா ரொம்ப கவனமா பாருங்க. போட்டு சில மணி நேரத்துக்குள்ள எடுத்தா பரவாயில்ல, அதுக்கப்புறம் கரு முட்டை ஓட்டோட மேல் பக்கம் ஒட்டிக்கும், அப்ப முட்டைய உருட்டினா உள்ள இருக்கிறது செத்துடும். அதே மாதிரி கூட்டோட சூடுதான் ஆணா பொண்ணான்னு முடிவு பண்ணுது, சுமார் 29 டிகிரிக்கு மேல போகப்போக பெண் குஞ்சுதான் அதிகம். அதனால ஹேச்சரியில, அதாவது முட்டைகள கொண்டுவந்து புதைச்சு பொரிக்க வைக்கிற இடத்துல, நிழல் எப்படி குடுக்கிறீங்க, மணல் சூட்ட அளக்கிறீங்களான்னு கேளுங்க, அதுக்கு முழிச்சாங்கன்னா அங்க போகாதீங்க. முக்கியமா, குஞ்சுகள தொட்டியில நாள் கணக்கா வச்சு வர்றவங்க கையில குடுத்து போட்டோ எடுக்க விடுறாங்களான்னு பாருங்க. பொரிஞ்ச உடனே அதுங்களுக்கு ஒரு வேகம் இருக்கும், வயித்துல மிச்சமிருக்கிற மஞ்சக்கருவ வச்சுத்தான் ஆழ்கடல் வரைக்கும் நீந்தணும், அத தொட்டிச் சுவத்துல முட்டி முட்டியே செலவு பண்ணிட்டு கடலுக்குப் போறப்ப ஒண்ணும் மிச்சமிருக்காது.

பவளம் நடுற ப்ரோக்ராம் இப்ப ஊரெல்லாம் இருக்கு. உடைஞ்ச துண்ட எடுத்து நர்சரியில தொங்கவிட்டு வளர்க்கிறது, நிஜமான வேலை என்னமோ டூத்பிரஷ் வச்சு பாசி தேய்க்கிறதுதான். தப்பில்ல, ஆனா கடல் சூடேறினா நட்டதும் வெளுத்துடும். 2023 கோடையில ஃப்ளோரிடாவுல நர்சரி பவளத்த அவசர அவசரமா தண்ணிக்குள்ள இருந்து எடுத்து தரையில இருக்கிற தொட்டிக்கு மாத்த வேண்டியிருந்துச்சு. எத்தனை நட்டீங்கன்னு கேக்காதீங்க, அத எல்லாரும் பெருமையா சொல்வாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு எத்தனை உயிரோட இருக்குன்னு கேளுங்க. அலையாத்தி நடுறதுக்கும் இதே கேள்விதான்.

தண்ணிக்குள்ள எட்டிப் பாக்கணும்னு ஆசை இருக்கும்ல, அதுக்கு கோரல்வாட்ச். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2002ல ஆரம்பிச்சது, ஒரு கலர் அட்டைய பவளத்து பக்கத்துல வச்சு நிறம் எவ்வளவு வெளுத்திருக்குன்னு குறிக்கிறது, தண்ணி மேல மிதந்துக்கிட்டே மூச்சு விடுற ஸ்நார்க்கல் குழாய் போதும்.

மிச்சத்த வேகமா சொல்லிடறேன். டூரிஸ்ட் விசாவுல வாலண்டியர் வேலை பாக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, தாய்லாந்துல சம்பளமே இல்லாத வேலைக்கும் ஒர்க் பர்மிட் வேணும், போற நாட்டோட தூதரகத்துகிட்டயே எழுதிக் கேட்டுடுங்க. இன்சூரன்ஸ்ல டைவிங் விபத்தும் படகு வச்சு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போற செலவும் சேந்திருக்கான்னு பாருங்க, சாதாரண டிராவல் பாலிசியில பெரும்பாலும் இருக்காது. மஞ்சள் காய்ச்சல் ஊசி கேக்குற நாடுன்னா போட்டு 10 நாள் ஆனாதான் அந்த சர்டிபிகேட் செல்லும். சன்ஸ்கிரீன்ல ஆக்சிபென்சோன்ங்கிற ரசாயனம் இருந்தா பலாவ் மாதிரி தீவு நாடுகள்ல தடை, ரேஷ்கார்டுன்னு தண்ணியில போடுற முழுக்கை சட்டை வாங்கிட்டா அந்த தலைவலியே பாதி குறையும்.

நீச்சல் பயிற்சிய இன்னைக்கே ஆரம்பிங்க. ஓபன் வாட்டருக்கு நிக்காம 200 மீட்டர் நீந்தணும், டைம் லிமிட் கிடையாது, அப்புறம் 10 நிமிஷம் மிதக்கணும். சுமார் நீச்சல்காரருக்கு ரெண்டு மூணு மாசத்துல வந்துடும். டைவிங் பண்றதா முடிவானா திரும்புற ஃப்ளைட்ட கடைசி டைவ் அன்னைக்கே போட்டுடாதீங்க, தினமும் இறங்கிட்டு இருந்தவங்க குறைஞ்சது 18 மணி நேரம் கழிச்சுத்தான் விமானம் ஏறணும், நான் எப்பவும் ஒரு முழு நாள் விட்டுத்தான் டிக்கெட் போடுவேன்.