மேடைக்குப் பின்னால் ஒரு தொழில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள் நடிக்க ஆசைப்படாமல், மேடைக்குப் பின்னால் வேலை செய்யவே விரும்புவதாகவும், அதுவும் ஒரு தொழிலா என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் ஆர்வமாகப் படித்துவரும் எலிசபெத் காலத்து லண்டன் அரங்குகளிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

1576-இல் ஷோர்டிச்சில் ‘தியேட்டர்’ என்ற அரங்கத்தைக் கட்டிய ஜேம்ஸ் பர்பேஜ், நடிகராவதற்கு முன் தச்சுத் தொழில் கற்றவர். நிலக் குத்தகைத் தகராறால் 1598 டிசம்பரில் அதைப் பிரித்து, அதே மரங்களைக் கொண்டு தேம்ஸின் தென்கரையில் குளோப் அரங்கம் எழும்பியபோது, வேலையை முன்நின்று நடத்தியவரும் பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சரே. வாசலில் நுழைவுக் கட்டணமாக ஒரு பென்னி வாங்க ஆள்கள் இருந்தனர். பெண்கள் மேடையேறாத அந்நாளில் இந்த வேலையில் பெண்களும் இருந்தனர்.

தங்கள் மகள் விரும்பும் பணிக்கு மிக நெருக்கமானவர், நாடகப் பிரதியைப் பாதுகாத்த புத்தகக் காப்பாளர். எந்தக் காட்சியில் யார் நுழைய வேண்டும் என்று எழுதிய தாளை அட்டையில் ஒட்டி, மேற்புறம் துளையிட்டு, மேடைக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைப்பார்கள். அத்தகைய தாள்களில் சில இன்றும் எஞ்சியுள்ளன. இன்றைய மேடை மேலாளரின் குறிப்பேடு செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். உடைகளைக் காப்பதும் பெரிய பொறுப்பாகவே இருந்தது. புதிய நாடகம் எழுதியவருக்கு 6 பவுண்டு அளவில் கிடைத்த காலத்தில், நடிகர் எட்வர்ட் ஆலெய்னின் ஒரு வெல்வெட் மேலங்கிக்கு 20 பவுண்டுக்கு மேல் ஆனது. 1613-இல் காட்சிக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி ஓலைக்கூரையில் பற்றி குளோப் எரிந்துபோனதை எண்ணினால், பின்மேடைக் கவனம் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

வருமானத்தைப் பற்றித் தாங்கள் கவலைப்படுவது நியாயமே. 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயால் அரங்குகள் பெரும்பாலும் மூடிக்கிடந்தபோது, கூலிக்கு வேலை செய்தவர்களே அதிகம் தவித்திருப்பார்கள். இன்றும் இத்துறையில் பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையிலேயே கிடைக்கின்றன. ஆகவே, முதலில் ஒரு பட்டப்படிப்பை முடிக்கட்டும். தில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்கும் பட்டமும் நாடக அனுபவமும் தேவை. கல்லூரி நாள்களிலேயே ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து, ஒளி, உடை, மேடை நிர்வாகம் மூன்றிலும் கைவைத்துப் பார்த்த பிறகு, எதில் மனம் நிலைக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.