ஹசன் டி திரோ சுவீடனில் இருந்துகொண்டே அச்சே கிளர்ச்சியை எப்படி நடத்தினார்?

இந்தோனேசியாவிலிருந்து அச்சேவைப் பிரிக்கப் போராடிய சுதந்திர அச்சே இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். ஆனால் அன்றாடச் சண்டையை அவர் நடத்தவே இல்லை. எங்கே பதுங்கித் தாக்குவது, 'பஜாக் நங்க்ரோ' என்ற வரியை யாரிடம் எவ்வளவு வசூலிப்பது என்பதையெல்லாம் காட்டிலிருந்த தளபதிகளே பார்த்துக்கொண்டார்கள். ஸ்டாக்ஹோமில் இருந்த தலைமை தன் கையில் வைத்திருந்தவை வேறு: இயக்கத்தின் பெயரால் பேசும் உரிமை, கடைசிக் கையெழுத்து.

அந்த உரிமைக்கு வேர் அவருடைய வம்சம். அச்சே, சுமத்ராவின் வடமுனை. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 'இலாமுரிதேசம்' என்பது அந்தப் பக்கத்தைத்தான். அங்கே டச்சுக்காரர்களோடு போரிட்டு 1891இல் இறந்த தெங்கு சிக் டி திரோவின் கொள்ளுப்பேரன் இவர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொள்ளுத்தாத்தாவை 1973இல் தேசிய வீரராக அறிவித்தது இந்தோனேசிய அரசு. மூன்றே ஆண்டில் கொள்ளுப்பேரன் தனிநாடு கேட்டுக் காட்டுக்குள் இருந்தார்.

1976 அக்டோபரில் ரகசியமாக வந்து இறங்கி, டிசம்பர் 4 அன்று விடுதலை அறிவித்தார். கூட இருந்தவர்கள் சொற்பம், துப்பாக்கிகள் அதைவிடச் சொற்பம். அந்தக் கட்டத்தில் துண்டறிக்கைதான் முக்கிய ஆயுதம். ராணுவம் நெருக்கியதும் 1979 மார்ச் 29 அன்று வெளியேறினார். உள்ளே தங்கிய முதல் 'அமைச்சரவை'யில் பலர் அடுத்த சில ஆண்டுகளில் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைக்குப் போனார்கள்.

ஸ்டாக்ஹோமின் புறநகரான நோர்ஸ்போரியில் குடியேறி, சுவீடன் குடியுரிமை பெற்றார். இந்தக் குடியுரிமைதான் பெரிய கேடயம். 1954இல் நியூயார்க்கில் இருந்தபோது இஸ்லாமிய அரசு கேட்ட தாருல் இஸ்லாம் கிளர்ச்சியை ஆதரித்ததற்காக ஜகார்த்தா அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்ய, குடியேறிகளைத் தடுத்து வைக்கும் எல்லிஸ் தீவில் அடைபட்ட அனுபவம் அவருக்கு இருந்தது. நாடில்லாதவன் நிலைமை தெரிந்தவர். 2004இல் ஜகார்த்தாவின் புகாரை அடுத்து சுவீடன் போலீஸ் அவருடைய சகாக்கள் மாலிக் மஹ்மூத், சைனி அப்துல்லா இருவரையும் பிடித்தது. சில நாட்களிலேயே நீதிமன்றம் விட்டுவிட்டது.

பேச்சுரிமை மட்டும் வைத்துக்கொண்டு இயக்கம் நடக்காது, ஆள் வேண்டும். 1986க்கும் 1989க்கும் இடையே சில நூறு இளைஞர்கள் லிபியாவில் பயிற்சி பெற்றார்கள். திரும்பி வந்தவர்கள் பகுதித் தளபதிகள் ஆனார்கள். பின்னாளில் தலைமைத் தளபதியான முசாக்கிர் மனாஃப் அந்தத் தலைமுறை. என் கணிப்பில், ஹசன் செய்ததிலேயே பலன் தந்த வேலை இதுதான். அதற்கு விலை கொடுத்தது அச்சே மக்கள். ஜகார்த்தா அங்கே அறிவித்த ராணுவ நடவடிக்கைப் பகுதி 1998 வரை நீடித்தது.

1997இல் ஹசனுக்குப் பக்கவாதம் வந்தபிறகு நடைமுறைத் தலைமை மாலிக் மஹ்மூத் கைக்குப் போனது. அதை ஏற்காத ஹுசைனி ஹசன் குழு தனியே பிரிந்தது. அவரும் சுவீடன்வாசிதான். ஆனால் காட்டுத் தளபதிகள் பழைய தலைமையோடு நின்றதால் பிரிந்தவர்கள் வெளிநாட்டுக் குழுவாகவே சுருங்கினார்கள்.

சமாதானத்தில் எது உடைந்தது, எது நின்றது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். 2002 டிசம்பர் 9 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஆயுதங்களைக் குறித்த இடங்களில் வைப்பதும் ராணுவம் தற்காப்பு நிலைக்குத் திரும்புவதும் இருந்தன. நீ முதலில், நான் முதலில் என்று இழுத்து ஐந்தே மாதத்தில் முறிந்தது. 2003 மே 19 முதல் ராணுவச் சட்டம். 2004 சுனாமிக்குப் பின், பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி நடுவராக இருந்து 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் முடித்த ஒப்பந்தம் கணக்காக எழுதப்பட்டது. 840 ஆயுதங்களை நான்கு தவணையில் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் ஈடாக வெளியிலிருந்து வந்த ராணுவமும் போலீசும் வெளியேற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் பார்த்துக்கொண்டிருக்கும். இயற்கை வள வருவாயில் 70 சதவீதம் அச்சேவுக்கு, உள்ளூர்க் கட்சிகளுக்கு அனுமதி, பொதுமன்னிப்பு. தனிநாடு கிடையாது. அந்த டிசம்பருக்குள் ஆயுத ஒப்படைப்பு முடிந்தது.

ஸ்டாக்ஹோமின் செல்வாக்கு எங்கே தீர்ந்தது என்று 2006 டிசம்பர் ஆளுநர் தேர்தல் காட்டிவிட்டது. ஸ்டாக்ஹோம் தலைமையின் மூத்தவர்கள் ஆளுநர், துணை ஆளுநர் பதவிகளுக்கு ஒரு ஜோடியை ஆதரித்தார்கள். களத்தில் இருந்தவர்கள் இர்வாண்டி யூசுஃபை நிறுத்தினார்கள். சுனாமியன்று பண்டா அச்சே சிறையிலிருந்து தப்பியவர் அவர். அவரே வென்றார்.

ஹசன் டி திரோ 2008 அக்டோபரில் ஊர் திரும்பியபோது பெருங்கூட்டம் கூடியது. பேச முடியாத உடல்நிலை. அவருடைய உரையை மாலிக் மஹ்மூத் வாசித்தார். 2010 ஜூன் 2 அன்று இந்தோனேசியக் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. மறுநாள் பண்டா அச்சே மருத்துவமனையில் இறந்தார். கொள்ளுத்தாத்தாவின் கல்லறை அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.