கம்பனியின் சோதனைப் பயிருக்கு வயலைக் கொடுக்கலாமா?

கேள்வி: தம்பலகாமத்தில் எனக்கு 3 ஏக்கர் வயல் இருக்கிறது. ஒரு தனியார் விதைக் கம்பனியும் அரசாங்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து புது நெல்லினம் ஒன்றைச் சோதிக்கப் போகிறார்களாம். பெரும்போகத்துக்கு அரை ஏக்கர் கேட்கிறார்கள். விதையும் பசளையும் இலவசம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் முதலில் ஒன்று கேளுங்கள்: அது கலப்பின விதையா, சாதாரண இனமா?

நம் வயல்களில் விளையும் சாதாரண இனங்களான பி.ஜி. 352 பத்தலகொடையிலும், ஏ.ரி. 362 அம்பலாந்தோட்டையிலும் அரச ஆராய்ச்சி நிலையங்களில் உருவானவை. அறுத்த நெல்லிலேயே விதைநெல் எடுத்துவைக்கலாம் என்பதால் கம்பனிக்கு அதில் பெரிய லாபம் கிடையாது, அரசாங்கம்தான் செய்யவேண்டியிருந்தது. கலப்பினம், அதாவது இரண்டு இனங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை, அப்படியல்ல. அதில் விதைநெல் எடுத்து விதைத்தால் ஒரு கதிர் பழுத்து நிற்க, பக்கத்துக் கதிர் பச்சையாக நிற்கும். ஒவ்வொரு போகமும் விதை வாங்கியாக வேண்டும். அந்த விதையின் விலையை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இலவசம் இந்த ஒரு போகத்துக்குத்தான்.

அடுத்தது நட்டம். பயிர் பொய்த்தால் பக்கத்து வரவையில் உங்கள் சொந்த இனம் தந்த விளைச்சலைக் கணக்கில் எடுத்து ஈடு தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். அதற்காகவே சோதனைப் பயிருக்கு அருகில், அதே நாளில், அதே பசளையோடு உங்கள் வழக்கமான இனத்தையும் விதையுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாத சோதனையை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை. உங்கள் காணி குடாப் பக்கம் உவர் ஏறும் நிலமென்றால், உவர் தாங்கும் ஏ.ரி. 354 ஒரு பாத்தியாவது பக்கத்தில் இருக்கட்டும். மேட்டில் நல்ல துண்டைப் பார்த்துக் கேட்பார்கள். உவர்த் துண்டிலும் கொஞ்சம் போடச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியவேண்டியது அங்கேதான் இருக்கிறது.

அறுவடையன்று வயலில் நில்லுங்கள். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் பல இடங்களில் வைத்து அறுத்து, அடித்து, நிறுப்பார்கள். சதுர மீட்டருக்கு அரைக் கிலோ என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,000 கிலோ. ஆனால் ஈரப்பதத்தைப் பாருங்கள். 20 வீத ஈரத்தில் நிறுத்த 2,000 கிலோ, 14 வீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 1,860 கிலோதான். சட்டம் செழிப்பான இடங்களில் மட்டும் விழாமலும் கவனியுங்கள்.

மருந்து ஏதும் கொண்டுவந்தால் லேபலைப் படியுங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி பீடைகொல்லிகளுக்குப் பதிவு வேண்டும். லேபல் இல்லாத போத்தலை வயலுக்குள் விடாதீர்கள், யார் கொண்டுவந்தாலும் சரி.

இன்னொன்று, என் மனதை உறுத்துவது. ஒரு வயலில் பெயர்ப்பலகை மட்டும் இரண்டு போகம் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அளந்த கணக்கு காணிக்காரருக்குக் கடைசிவரை வரவே இல்லை. மண்ணும் தண்ணீரும் உழைப்பும் அவருடையது. ஆகவே முடிவுகள், மோசமாக வந்தாலும், உங்களுக்கும் உங்கள் விவசாயப் போதனாசிரியருக்கும் தமிழில் எழுத்தில் தரப்படவேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். அரசாங்கப் பணமும் இதில் இருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

பத்திரத்தை உடனே ஒப்பமிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரோடு இருந்து வரிவரியாகப் படியுங்கள். சோதனைப் பயிருக்குப் பயிர்க் காப்புறுதி செல்லுமா என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள். இவ்வளவும் விதைப்புக்கு முன் முடியவேண்டும்.