பழைய கம்பெனி நம்மைப் பற்றி என்னவெல்லாம் சொல்லலாம்?

சண்டை போட்டு விலகிய கம்பெனி, புதிய இடத்தில் விசாரிக்கும்போது நம்மைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் (பழைய ஊழியரைப் பற்றிப் புதிய கம்பெனி விசாரிப்பது) மெயில்களுக்குப் பதில் போட்டவன் நான்.

இதைத்தான் சொல்லலாம், இதைச் சொல்லக் கூடாது என்று வரையறுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. பொய் சொல்லிப் பெயரைக் கெடுத்தால் அவதூறு வழக்குப் போடலாம். குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அது. ஆனால் நல்லெண்ணத்தோடு சொன்னதற்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது.

எங்களுக்கு வரும் படிவத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, கடைசிச் சம்பளம், விலகிய காரணம், பாக்கி ஏதும் உண்டா என்று கேட்டிருப்பார்கள். குணம், சண்டை பற்றியெல்லாம் எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா? ஆம் / இல்லை.'

அந்த வரிதான் பொல்லாதது. ஒரு பையன், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று நோட்டீஸ் காலத்தில் (விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்) 22 நாள் பாக்கி வைத்துவிட்டுக் கிளம்பினான். அதற்கான பணத்தைக் கட்டவில்லை. சிஸ்டத்தில் 'இல்லை' என்று ஏறிவிட்டது. இரண்டு வருடம் கழித்து விசாரணை வந்தபோது நானும் அதையே டிக் செய்து அனுப்பினேன். காரணம் எழுத அங்கே இடமே இல்லை. அவன் போன் செய்து, "எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது சார்" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணத்தைக் கட்டினான், பதிவை மாற்றித் திருத்திய பதில் அனுப்பினோம். நல்லவேளை, புதிய கம்பெனி காத்திருந்தது.

அதனால் ஆஃபர் வரும்வரை காத்திருக்காமல், உங்கள் செட்டில்மென்ட் (கடைசிக் கணக்கு) முடிந்ததா, மறுபடி எடுக்கலாம் என்று பதிவாகியிருக்கிறதா என்று எச்.ஆருக்கு இப்போதே மெயில் போட்டுக் கேளுங்கள். சண்டை மேனேஜரோடு என்றால், அவர் போனில் பேசுவதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. ரெஃபரன்ஸுக்கு உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்த டீம் லீடின் பெயரைக் கொடுங்கள், அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள்.

அப்புறம், ரிலீவிங் லெட்டரில் இருக்கும் தேதியும் பி.எஃப். கணக்கில் இருக்கும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். விலகிய தேதியைக் கம்பெனி பதியாமல் விட்டிருந்தால், இரண்டு மாதம் கழித்து பி.எஃப். தளத்தில் நீங்களே பதியலாம். 2020 முதல் அந்த வசதி இருக்கிறது.